எரிக் ஷின்செகி: ஒரு ஜெனரலும் இரண்டு கணக்குகளும்

அமெரிக்க ஜெனரல் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஹாலிவுட் படத்தில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஒரு வெள்ளைக்காரர்தான். எரிக் ஷின்செகி அந்த ரகம் இல்லை. மெதுவாகப் பேசுவார், குறைவாகப் பேசுவார். ஜப்பானிய வம்சாவளி. ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வலது பாதத்தில் பாதி கிடையாது. அமெரிக்கத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக நான்கு வருடம் இருந்தவர்.

அவர் பெயர் இரண்டு முறை உலகச் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. முதல் முறை 2003-ல், ஒரு கணக்கைச் சரியாகச் சொன்னதற்காக. இரண்டாம் முறை 2014-ல், கீழே இருந்தவர்கள் கொடுத்த ஒரு பொய்க் கணக்கை நம்பியதற்காக. ஒரே மனிதர், ஒரே நேர்மை. ஆனால் முடிவு இரண்டு விதம். அதனால்தான் இவருடைய கதை மற்ற ஜெனரல்களின் கதையை விட சுவாரசியமானது.

எதிரி நாட்டவர் என்று முத்திரை

ஷின்செகி பிறந்தது 1942 நவம்பர் 28. ஊர், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் இருக்கும் லிஹுவே. அவருடைய தாத்தா பாட்டி 1901-ல் ஹிரோஷிமாவிலிருந்து ஹவாய்க்கு வந்து குடியேறியவர்கள். பேரன் பிறந்த நேரத்தைப் பாருங்கள். பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் குண்டு போட்டு ஒரு வருடம் கூட ஆகவில்லை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களைக் கூட ராணுவப் பதிவேட்டில் எதிரி நாட்டவர் என்ற வகையில் தள்ளி வைத்திருந்த காலம்.

அப்படித் தள்ளி வைக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எங்களையும் சண்டைக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். 100-வது காலாட்படை பட்டாலியன், 442-வது ரெஜிமென்ட் என்று ஜப்பானிய வம்சாவளியினரை வைத்தே தனிப் படைகள் உருவாயின. இத்தாலியிலும் பிரான்சிலும் ஜெர்மானியருடன் மோதின. அளவையும் சேவைக் காலத்தையும் வைத்துப் பார்த்தால், அமெரிக்க ராணுவ வரலாற்றில் அதிகப் பதக்கம் வாங்கிய படை 442-தான் என்பார்கள். ஷின்செகியின் உறவினர்கள் சிலரும் அந்தப் படைகளில் இருந்தார்கள். பின்னாளில் ஹவாயின் செனட்டராக இருந்த டேனியல் இனோயே, 442-ல் சண்டை போட்டு வலது கையை இழந்தவர்.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. 1965-ல் படிப்பு முடிந்தது. முடிந்த கையோடு வியட்நாம்.

பாதிப் பாதத்துடன் முப்பது வருடம்

வியட்நாமில் இரண்டு முறை பணியாற்றினார். இரண்டு முறையும் காயம். இரண்டாவது காயம் மோசமானது. 1970-ல் கண்ணிவெடியில் கால் வைத்துவிட்டார். வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் சிகிச்சை.

வயது இருபத்தேழுதான். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஹவாய்க்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கால் ஊனமானவரை ராணுவத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மனிதர் விடவில்லை. போராடி, அனுமதி வாங்கி, பணியில் நீடித்தார். அதன் பிறகு மூன்று தசாப்தத்துக்கும் மேல் அந்தக் காலோடுதான் சீருடையில் நின்றார்.

நடுவில் ராணுவம் அவரை டியூக் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1976-ல் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம். பிறகு வெஸ்ட் பாயிண்டிலேயே ஆங்கிலத் துறையில் ஆசிரியர். டாங்கிப் படை அதிகாரிக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு சொல்லை அளந்து பேசுவதன் விலை என்ன என்பது பின்னாளில் அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

1994-ல் டெக்சாஸில் முதலாம் கேவல்ரி டிவிஷனின் தளபதி. 1997-ல் நான்கு நட்சத்திர ஜெனரல். ஆசிய வம்சாவளியில் அந்த இடத்தைத் தொட்ட முதல் அமெரிக்கர் அவர்தான். அதே வருடம் ஐரோப்பாவில் உள்ள அமெரிக்கத் தரைப்படைக்கும், போஸ்னியாவில் இருந்த நேட்டோ அமைதிப்படைக்கும் தலைமை. இந்த போஸ்னியா அனுபவத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

1999 ஜூனில் அமெரிக்கத் தரைப்படையின் 34-வது தலைமைத் தளபதி ஆனார்.

எடையைக் குறைத்த தளபதி

அவர் பதவிக்கு வருவதற்குச் சற்று முன்புதான் கொசோவோ பிரச்சினை. அல்பேனியாவுக்கு 24 அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அனுப்புவதற்குத் தரைப்படை படாத பாடு பட்டது. ஹெலிகாப்டர் மட்டும் போனால் பரவாயில்லை. அதற்குக் காவலாக டாங்கி, டாங்கிக்கு எரிபொருள், சேற்றில் டாங்கி நிற்க இடம் என்று ஒன்று தொட்டு ஒன்றாக வாரக்கணக்கில் இழுத்தது. பயிற்சியில் இரண்டு ஹெலிகாப்டர்கள் விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். கடைசியில் ஒரு ஹெலிகாப்டர் கூட சண்டைக்குப் போகவில்லை. அதற்குள் போரே முடிந்துவிட்டது.

அமெரிக்காவிடம் இரண்டு வகைப் படை இருந்தது. வேகமாகப் போகிற லேசான படை, போனதும் தாக்குப்பிடிக்க முடியாது. தாக்குப்பிடிக்கிற கனமான படை, போய்ச் சேரவே மாதக்கணக்கு ஆகும். எம்1 டாங்கி ஒன்று கிட்டத்தட்ட 70 டன். அதை எத்தனை விமானத்தில் ஏற்றுவது?

ஷின்செகி நடுவழி ஒன்றைச் சொன்னார். ஒரு பிரிகேட் 96 மணி நேரத்தில், ஒரு டிவிஷன் 120 மணி நேரத்தில், ஐந்து டிவிஷன் 30 நாளில் உலகின் எந்த மூலைக்கும் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார். அதற்காக வந்ததுதான் எட்டுச் சக்கர ஸ்ட்ரைக்கர் கவச வண்டி, எடை சுமார் 19 டன். ஸ்ட்ரைக்கர் என்பது இரண்டு சாதாரண வீரர்களின் பெயர். ஒருவர் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர், மற்றவர் வியட்நாமில். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை. இருவரும் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர்கள்.

96 மணி நேர இலக்கு நடைமுறையில் எட்டவில்லை. ஆனால் ஸ்ட்ரைக்கர் பிரிகேடுகள் நிலைத்துவிட்டன. முதல் பிரிகேட் 2003 கடைசியில் ஈராக்குக்குப் போனது.

இதே காலத்தில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு விஷயமும் உண்டு. தொப்பி! தரைப்படை முழுவதும் ஒரே குடும்பம் என்ற உணர்வு வர வேண்டும் என்று, எல்லோரும் கறுப்பு பெரே தொப்பி அணியலாம் என்று 2000-ல் அறிவித்தார். அதுவரை கறுப்பு பெரே ரேஞ்சர் படைக்கு மட்டும் உரியது. கடும் பயிற்சி முடித்துச் சம்பாதித்த தொப்பியை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தால் சும்மா இருப்பார்களா? முன்னாள் ரேஞ்சர்கள் வாஷிங்டன் வரை நடந்தே போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். போதாக்குறைக்கு, அவசரத்தில் வாங்கிய தொப்பிகளில் லட்சக்கணக்கானவை சீனாவில் தைத்தவை என்று தெரிய வந்தது. அவற்றைத் திரும்பப் பெறச் சொல்லி 2001-ல் உத்தரவு வந்தது. கடைசியில் ரேஞ்சர்கள் பழுப்பு நிறத்துக்கு மாறிக்கொண்டார்கள். 2011-ல் தினசரி வேலை உடுப்பிலிருந்து பெரேயையே எடுத்துவிட்டார்கள். நல்ல நோக்கம் மட்டும் இருந்தால் போதாது, அந்தப் பொருளுக்கு மற்றவர் மனதில் என்ன மதிப்பு என்றும் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு

2001-ல் டொனால்ட் ரம்ஸ்பெல்ட் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். குறைந்த ஆள், அதிகத் தொழில்நுட்பம் என்பது அவர் கொள்கை. தரைப்படைக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப் போகவில்லை. 2002-ல் தரைப்படை ஆசையாக வளர்த்த க்ரூசேடர் பீரங்கித் திட்டத்தை ரத்து செய்தார். ஷின்செகியின் பதவிக்காலம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே, அடுத்த தளபதி யார் என்ற செய்தி பத்திரிகைக்குக் கசிந்தது. ஒரு அலுவலகத்தில் உங்களுக்கு அடுத்து வருபவர் பெயரை ஒரு வருடம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் உங்கள் பேச்சை யார் கேட்பார்கள்?

இந்தச் சூழ்நிலையில்தான் 2003 பிப்ரவரி 25 வந்தது. ஈராக் போருக்கு இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. செனட்டின் ராணுவக் கமிட்டி முன் ஷின்செகி உட்கார்ந்திருந்தார். போர் முடிந்த பிறகு ஈராக்கை நிர்வகிக்க எவ்வளவு படை வேண்டும் என்று செனட்டர் கார்ல் லெவின் கேட்டார். களத் தளபதிதான் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்று முதலில் நழுவத்தான் பார்த்தார் ஷின்செகி. தோராயமாகவாவது சொல்லுங்கள் என்று லெவின் விடவில்லை. அப்போது சொன்னார், சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று. பெரிய நிலப்பரப்பு, இனங்களுக்கு இடையே பதற்றம், மக்களுக்குச் சோறும் தண்ணீரும் போய்ச் சேர வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

இரண்டே நாளில் துணை அமைச்சர் பால் வுல்ஃபோவிட்ஸ் இன்னொரு கமிட்டி முன்னால் இந்த மதிப்பீடு யதார்த்தத்திலிருந்து வெகு தூரம் விலகியது என்று சொன்னார். போரில் ஜெயிக்கத் தேவைப்படும் ஆளை விட, ஜெயித்த பிறகு அமைதி காக்க அதிக ஆள் எப்படித் தேவைப்படும் என்பது அவர் வாதம். போஸ்னியா மாதிரி இன மோதல் சரித்திரம் ஈராக்கில் இல்லை என்றும் சொன்னார்.

கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1995 கடைசியில் நேட்டோ போஸ்னியாவுக்குள் போனபோது சுமார் 60,000 வீரர்கள். மக்கள்தொகை சுமார் 40 லட்சம். அதாவது 67 பேருக்கு ஒரு வீரர். ஈராக்கின் மக்கள்தொகை அப்போது சுமார் இரண்டரைக் கோடி. அதே விகிதம் என்றால் 3,75,000 வீரர்கள். சில லட்சம்! இது எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு. போஸ்னியாவில் படையை நடத்திப் பார்த்தவருக்கு இது புத்தகக் கணக்கும் இல்லை, பட்டறிவு.

சண்டையில் ஜெயிக்கத் துப்பாக்கியும் விமானமும் போதும். ஜெயித்த பிறகு? ஒவ்வொரு ஆயுதக் கிடங்குக்கும், பாலத்துக்கும், மருத்துவமனைக்கும், எல்லைச் சாவடிக்கும் ஆள் நிற்க வேண்டும். அதற்கு விமானம் உதவாது.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 9-ல் பாக்தாத் விழுந்தது. அமைச்சகங்களும் அருங்காட்சியகமும் கொள்ளை போயின. தடுக்க ஆள் இல்லை. மே 23-ல் ஈராக் ராணுவத்தையும் கலைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். இன மோதல் வராது என்றார்களே, 2006-ல் ஷியா, சன்னி கொலைகள் உச்சத்துக்குப் போயின. 2007-ல் இருபதாயிரத்துக்கும் மேல் கூடுதல் படையை அமெரிக்கா அனுப்ப வேண்டி வந்தது. அந்தப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் கிட்டத்தட்ட 4,500 பேர். இறந்த ஈராக்கியர்கள் அதைப் போல் பல மடங்கு.

ஆரம்பத்திலேயே இன்னும் அதிகப் படை இருந்திருக்க வேண்டும், ஷின்செகி சொன்னது சரிதான் என்று 2006 நவம்பரில் செனட் கமிட்டி முன் ஒப்புக்கொண்டவர் அந்தப் பகுதியின் தளபதியாக இருந்த ஜெனரல் ஜான் அபிசைத்.

உண்மை சொன்னதற்காக ஷின்செகியை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று பலர் இன்றும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவர் நான்கு வருடப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்துத்தான் 2003 ஜூனில் ஓய்வு பெற்றார். ஆனால் பிரிவு விழாவுக்கு ரம்ஸ்பெல்டும் வரவில்லை, வுல்ஃபோவிட்ஸும் வரவில்லை. 38 வருடம் சேவை செய்த தளபதிக்கு அதை விட அவமானம் வேறு வேண்டுமா? அந்த மேடையில் அவர் விட்டுச்சென்ற எச்சரிக்கை, பத்து டிவிஷன் படையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு டிவிஷன் வேலைக்குத் திட்டம் போடாதீர்கள் என்பது. முதலுக்கு மேல் வியாபாரம் செய்தால் என்ன ஆகும் என்று கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு ஏறக்குறைய மௌனம். அவர் சொன்னது பலித்த பிறகும், நான் அப்போதே சொன்னேனே என்று டிவி டிவியாகப் போய் உட்காரவில்லை.

இரண்டாவது கணக்கு

கதை இங்கேயே முடிந்திருந்தால் ஒரு நீதிக்கதை கிடைத்திருக்கும். முடியவில்லை.

2008 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் நினைவு நாளன்று, முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு ஷின்செகியை அமைச்சராக்கப் போவதாக ஒபாமா அறிவித்தார். 2009 ஜனவரியில் பதவியேற்பு. சாதாரணத் துறை இல்லை. 150-க்கு மேல் மருத்துவமனைகள், சுமார் மூன்று லட்சம் ஊழியர்கள்.

நல்லது நிறைய செய்தார். வியட்நாமில் ஏஜெண்ட் ஆரஞ்ச் ரசாயனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நோய்ப் பட்டியலில் இதய நோயையும் பார்க்கின்சனையும் சேர்த்தார். தெருவில் படுத்துறங்கும் முன்னாள் வீரர்களின் எண்ணிக்கை 2010-க்கும் 2014-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பட்டியலை விரித்ததால் நிவாரண விண்ணப்பங்கள் வெள்ளமாக வந்து, தாமதமான விண்ணப்பங்கள் 2013-ல் ஆறு லட்சத்தைத் தாண்டின. அதையும் படிப்படியாகக் குறைத்தார்கள்.

சறுக்கியது வேறு இடத்தில். மருத்துவமனைக்கு வரும் முன்னாள் வீரர் 14 நாளுக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு இலக்கு வைத்தார்கள். நல்ல இலக்குதான். ஆனால் அந்த எண்ணை அதிகாரிகளின் மதிப்பீட்டோடும் போனஸோடும் கட்டினார்கள். டாக்டர்களின் எண்ணிக்கை கூட்டத்துக்குப் போதவில்லை. டார்கெட் எட்டவே முடியாது, எட்டாவிட்டால் போனஸ் போச்சு. பிறகு என்ன நடக்கும்? வரிசையைக் குறைக்க முடியாதவர்கள் வரிசையின் கணக்கைக் குறைத்தார்கள்.

அரிசோனாவின் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில் கணினியில் ஏறாத ரகசியக் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது, காத்திருந்தே நோயாளிகள் இறந்திருக்கிறார்கள் என்று 2014 ஏப்ரலில் செய்தி வெடித்தது. மே 28-ல் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் இடைக்கால அறிக்கை கொடுத்தார். 1,700 பேர் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இல்லை. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 226 பேருக்கு மருத்துவமனை காட்டிய சராசரிக் காத்திருப்பு 24 நாள். உண்மையில் 115 நாள்.

தாமதத்தால்தான் இறந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அந்த வருடம் ஆகஸ்டில் வந்த இறுதி அறிக்கை சொன்னது. ஆனால் கணக்கு பொய் என்பதில் சந்தேகமே இல்லை.

மே 30-ல் ஷின்செகி ராஜினாமா செய்தார். தனக்கு வந்த அறிக்கைகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக அன்று அவரே பேசினார். ராணுவத்தில் கீழிருந்து வரும் தகவலை நம்பிப் பழகியவர். களத்தில் பொய் ரிப்போர்ட் கொடுத்தால் உயிர் போகும், அதனால் கொடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் போனஸ் கணக்கு போர்க்களம் இல்லையே!

அவரை முழுக்க அப்பாவி என்றும் சொல்லிவிட முடியாது. அப்பாயின்ட்மெண்ட் தேதிகளில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கிறது என்று பட்டியலிட்டு 2010-லேயே அவருடைய துறைக்குள் ஒரு சுற்றறிக்கை போயிருக்கிறது. காத்திருப்பு நாள் கணக்கு நம்பத்தக்கது இல்லை என்று 2012 டிசம்பரில் அரசின் தணிக்கை அமைப்பும் எழுதியது. எச்சரிக்கை மணி அடித்தது. 2003-ல் மணி அடித்தவர் அவர், கேட்காதவர்கள் மேலே இருந்தவர்கள். இந்த முறை மேலே இருந்தவர் அவரே.

வணிகவியல் படிக்கிற எவருக்கும் இது புதிய கதை இல்லை. மாசக் கடைசியில் டார்கெட்டை எட்டிக் காட்ட, போகாத சரக்குக்குப் பில் போடுகிற சேல்ஸ் ஆட்களின் கதைதான். அளப்பதற்காக வைத்த எண்ணை, பரிசு கொடுப்பதற்கான எண்ணாக மாற்றினால் அது அளப்பதை நிறுத்திவிடும். அப்புறம் அந்த எண் மேலே இருப்பவர் கேட்க விரும்புவதைத்தான் சொல்லும். ஆடிட்டிங் என்ற பாடமே நம்பிக்கையின்மையால் வந்தது இல்லை. நல்லவர்களும் தவறான தகவலை நம்பி முடிவு எடுக்கக் கூடாது என்பதற்காக வந்தது.

இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரம்ஸ்பெல்டுக்கும் ஷின்செகிக்கும் வித்தியாசமே இல்லை என்று தோன்றலாம். வித்தியாசம் இருக்கிறது. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட உண்மையை ஒதுக்கினார். மற்றவர் தன் பெயரில் நடந்த பொய் வெளியே வந்ததும், அது யாரோ கீழே செய்தது என்று தப்பிக்காமல், பொறுப்பு தன்னுடையது என்று சொல்லி எழுந்து போனார். கடைசி நாளில் அவர் போட்ட உத்தரவுகளில் ஒன்று, அதிகாரிகளின் மதிப்பீட்டிலிருந்து அந்தக் காத்திருப்பு நாள் கணக்கை நீக்குவது. மூத்த மருத்துவ அதிகாரிகளுக்கு அந்த வருடம் போனஸும் இல்லை என்றார்.

நேர்மையாக இருப்பது ஒரு வேலை. நமக்குக் கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் நேர்மையாக இருக்க வழி செய்வது இன்னொரு வேலை. ஷின்செகி முதல் வேலையில் நூற்றுக்கு நூறு வாங்கினார். இரண்டாவதில் தோற்றார். நிர்வாகம் படிக்கிறவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டையும்தான்.